எழுதிக் கொடுங்கள், அரசு வக்கீல்களே

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானால், மறுநாள் ஊர் டீக்கடையில் நீதிபதியை யாரும் பேசுவதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலையும் பேசுவதில்லை; வாங்கிய ஃபீஸுக்கு வேலை பார்த்தார் என்று விட்டுவிடுவார்கள். பேச்செல்லாம் அரசு வக்கீலைப் பற்றித்தான். "கவர்மெண்டு வக்கீலு எவ்வளவு வாங்குனாரோ" என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் தொகையைச் சொல்வார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கூடுதல் அரசு குற்றவியல் வழக்கறிஞராக இருந்த காலத்தில், இதே பேச்சை மேலூர் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் பேசியது என் வழக்கைப் பற்றி அல்ல. ஆனாலும் காது கூசியது.

கோபப்பட முடியவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு வேர் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் எல்லோரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு சொன்ன காரணம், ஐம்பது ஆண்டு கழித்தும் தஞ்சைப் பக்கம் பேசப்படுகிறது. மேல்முறையீடு என்பது பணமுள்ளவன் வெளியேறும் வாசல் என்று ஒரு தலைமுறையே முடிவு கட்டியது அப்போதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017-ல் சென்னை போரூர் அருகே ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். தஷ்வந்த் என்ற இளைஞர் கைதானார். மாநிலமே கொதித்தது. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேகமான நீதி என்று அன்றைக்கு எல்லோரும் பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலி முழுமையாகவில்லை, முக்கியமானதாகச் சொல்லப்பட்ட கண்காணிப்பு கேமரா பதிவே முறைப்படி நிரூபிக்கப்படவில்லை, எதிரிக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னது. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு எட்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது வெறுங்கை. குற்றவாளி யார் என்பதற்கும் விடை இல்லை.

இந்த வழக்கில் அரசுத் தரப்பு எல்லா நீதிமன்றத்திலும் தண்டனையைத் தாங்கித்தான் வாதாடியது. நான் கேட்பது வேறு. உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிந்த ஓட்டை, மேல்முறையீட்டுக்காக வழக்கின் ஆவணக் கட்டைப் பிரித்துப் படிக்கும் அரசு வக்கீல் கண்ணில் படாமலா போகும்? பட்டால் அதை எழுதி வைக்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறதா? இல்லை. எங்கள் வேலையில் அப்படி ஓர் இடமே கிடையாது. நான் பேச வந்தது அந்த இடத்தைப் பற்றி.

முதலில் இந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வரும் அரசு வக்கீல் கூண்டில் நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்து மடக்குவார். மேல்முறையீட்டில் கூண்டே கிடையாது. சாட்சி வரமாட்டார், எதிரி வரமாட்டார். ஆயுள் தண்டனை வழக்கென்றால் இரண்டு நீதிபதிகள், எதிரே ஒரு வக்கீல், கையில் டைப் செட் என்கிற தட்டச்சுக் கட்டு. கீழ் நீதிமன்றத்தில் நடந்தது முழுவதும் அந்தக் காகிதத்துக்குள்தான் இருக்கிறது. மேல்முறையீடு என்பது படிக்கிற வேலை. எழுந்து நின்று பேசுவது அதில் சின்னப் பகுதி.

கட்டைப் பிரித்ததும் நான் தீர்ப்பைப் படிப்பதில்லை. முதல் தகவல் அறிக்கையை எடுத்து, அதில் மாஜிஸ்திரேட் போட்ட சின்னக் கையெழுத்தையும் பக்கத்தில் குறித்த நேரத்தையும் தேடுவேன். கொலை வழக்கென்றால் எஃப்ஐஆர் பதிவானதும் ஒரு காவலர் கையில் கொடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அனுப்ப வேண்டும். நடுராத்திரியானாலும் வீட்டுக்கே போய்க் கொடுப்பார்கள். ஸ்டேஷனில் இதற்கு எக்ஸ்பிரஸ் தபால் என்று பெயர். இரவு ஒன்பதேகாலுக்குப் பதிவான எஃப்ஐஆர், பைக்கில் கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மாஜிஸ்திரேட் கைக்கு மறுநாள் பகல் ஒரு மணிக்குத்தான் வந்தது என்று அந்தக் குறிப்பு சொன்னால், எனக்கு அன்றைக்கு இரவுத் தூக்கம் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் எத்தனை பெயர் சேர்ந்தது, யார் சொல்லிச் சேர்ந்தது? தாமதம் ஒன்றே வழக்கைக் கவிழ்க்காது. காரணம் சொல்லப்பட்டிருந்தால் நீதிமன்றம் ஏற்கும். அந்தத் தபாலைக் கொண்டுபோன காவலரை யாராவது சாட்சியாக விசாரித்தார்களா என்று அடுத்துப் பார்ப்பேன். பல கட்டுகளில் விசாரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது கிராம நிர்வாக அலுவலர். நம் ஊர்ப் பக்கம் கொலை செய்தவன் எவனும் ஊரை விட்டு ஓடுவதில்லை போலிருக்கிறது. நேரே வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய், முன்பின் பழக்கமில்லாத அவரிடம் மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அவர் அதை எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார். பிறகு ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் முள்காட்டிலிருந்து அரிவாள் எடுக்கும்போதும் சாட்சி அதே வி.ஏ.ஓ., அதே தலையாரி. அந்த அரிவாளில் இருப்பது மனித ரத்தம், ஆனால் வகை கண்டறிய இயலவில்லை என்று ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரும். இத்தகைய வாக்குமூலங்களை நீதிமன்றங்கள் எத்தனையோ தரம் சந்தேகத்தோடு பார்த்திருக்கின்றன. ஆனாலும் அடுத்த கட்டிலும் ஒரு வி.ஏ.ஓ. உட்கார்ந்திருப்பார். உண்மையிலேயே கொலை செய்தவன் மீதான நல்ல வழக்கைக்கூட இந்த ஒட்டுவேலை கெடுத்துவிடும் என்பதுதான் என் ஆத்திரம்.

கடைசியாகப் பிரேதப் பரிசோதனைச் சான்று. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் காயங்களுக்கு நம்பர் போட்டு எழுதியிருப்பார். நேரில் பார்த்த சாட்சி சொல்லும் அடிகளை ஒரு பக்கமும் இந்த நம்பர்களை மறுபக்கமும் எழுதிக்கொண்டு கோடு போட்டு இணைத்துப் பார்ப்பது என் பழக்கம். கோடு சேராத இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

அப்படிக் கோடு சேராத ஒரு வழக்கைச் சொல்கிறேன். யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிவகங்கை மாவட்டப் பக்கம், கண்மாய் மீன் குத்தகைத் தகராறு. பொழுது சாயும் நேரத்தில் ஒருவரை வழிமறித்து வெட்டிவிட்டார்கள். மூன்று பேருக்கு ஆயுள். முதல் இருவர் அண்ணன் தம்பி. மூன்றாவது, அவர்களுடைய அத்தை மகன், சம்பவத்தின்போது இருபது வயது. இறந்தவரின் மனைவிதான் அரசுத் தரப்பு முதல் சாட்சி. அவர் கொடுத்த புகாரில் அண்ணன் தம்பி பெயர் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு "மற்றும் ஒருவர்" என்று மட்டும் இருக்கிறது. அந்த மூன்றாவது பையனோ அதே தெருக்காரன். குறுக்கு விசாரணையில் அந்த அம்மாவே, அவனைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவனை யாராவது "மற்றும் ஒருவர்" என்பார்களா? பிறகு போலீஸ் விசாரணையில் அவன் பெயர் வருகிறது, உருட்டுக்கட்டையால் முதுகில் அடித்தான் என்று. டாக்டர் எழுதிய காயங்கள் மூன்றும் வெட்டுக் காயங்கள். கழுத்தில், தலையில், இடது கையில். முதுகில் ஒரு சிராய்ப்பு கிடையாது. கைப்பற்றிய கட்டையில் ரத்தம் கிடையாது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பொது நோக்கத்துக்கான 34-ஆவது பிரிவு இருக்கிறதே, அதே நோக்கத்தோடு கூட இருந்தாலே போதுமே என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் முதலில் அவன் கூட இருந்தான் என்று காட்ட வேண்டுமே. அதற்குத்தான் காகிதம் இல்லை. அண்ணன் தம்பி விஷயத்தில் நிலைமை வேறு: தகராறில் சம்பந்தமில்லாத இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், இரண்டு அரிவாளிலும் ரத்த வகை பொருந்தியிருக்கிறது.

இறுதி விசாரணையில் எழுந்து, முதல் இருவருக்கான தண்டனையை வரி வரியாகத் தாங்கினேன். மூன்றாவது நபரைப் பொறுத்தவரை தண்டனையை ஆதரிக்கப் பதிவேட்டில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். இது அரசின் அறிவுறுத்தலா என்று பெஞ்ச் கேட்டது. பதிவேட்டைப் படித்த அரசு வக்கீலின் நிலைப்பாடு என்றேன். இருவருக்கும் தண்டனை உறுதியானது, மூன்றாமவர் விடுதலை. அந்த ஒருவரை விட்டுக்கொடுத்ததால்தான் மற்ற இருவரைப் பற்றி நான் சொன்னதை பெஞ்ச் சந்தேகமில்லாமல் கேட்டது என்பது என் கணிப்பு. மூன்று பேரையும் ஒரே மூச்சில் தாங்கியிருந்தால், மூன்றாமவர் கதையில் உள்ள பொய் வாடை முதல் இருவர் மீதும் அடித்திருக்கும்.

சாயங்காலம் சம்பந்தப்பட்ட இன்ஸ்பெக்டர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நம்ம கேஸை நாமளே விட்டுக் குடுத்தா கீழ இருக்கிறவங்களுக்கு என்ன மரியாதை?" என்றார். மேலிடத்திலிருந்தும் வாய்மொழியாக விசாரித்தார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, வராண்டாவில் நின்றிருந்த அந்த முதல் சாட்சி. தீர்ப்பு நாளன்று மகனோடு வந்திருந்தார். ஆங்கிலத்தில் நடந்த வாதம் அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை, யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீங்க எங்க வக்கீலாம்மா, அவுக வக்கீலாம்மா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

நான் அரசாங்கத்தின் வக்கீல், அந்த இரண்டு பேரும் சாகும்வரை உள்ளேதான் என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. சட்டப்படி அவருக்கு உரிமைகள் உண்டு. 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, விடுதலைக்கு எதிராகப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அரசு வக்கீலுக்குத் துணையாகத் தன் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டென்று 2022-ல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அரசு என்ன நிலைப்பாடு எடுக்கப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாமல் இந்த உரிமைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? அவருக்குச் சொல்ல எந்த நடைமுறையும் இல்லை. எதிரியின் வக்கீலுக்கும் இல்லை. நீதிபதிகளுக்கே நான் வாயைத் திறக்கும்போதுதான் தெரிகிறது.

எனவே என் கோரிக்கை இதுதான். ஆயுள் தண்டனை, மரண தண்டனை மேல்முறையீடு ஒவ்வொன்றிலும் இறுதி விசாரணைக்கு மூன்று வாரம் முன்பாக அரசு வக்கீல் எழுத்தில் ஒரு குறிப்பு தாக்கல் செய்ய வேண்டும். எதிரி ஒவ்வொருவருக்கும் எதிராக எந்தச் சாட்சியம் நிற்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது, அரசு எதை ஆதரிக்கிறது, எதை ஆதரிக்கவில்லை என்று அதில் இருக்க வேண்டும். கட்டைப் படித்தவரும் மாநிலத் தலைமைக் குற்றவியல் வழக்கறிஞரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் எதிரித் தரப்புக்கும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தமிழிலும் போக வேண்டும்.

விட்டுக்கொடுக்கும் உரிமையை அரசு வக்கீலுக்குக் கொடுத்தால் அதை விலைக்கு வாங்குவார்களே என்பது முதல் ஆட்சேபம். டீக்கடைக்காரர் கேட்பதும் இதுதான். ஆனால் இன்றைக்கும் விலைக்கு வாங்க முடியும், அதுவும் சுலபமாக. இன்றைக்கு வழக்கை விட்டுக்கொடுக்க நினைக்கிற வக்கீல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. முக்கியமான ஆவணத்தைப் படிக்காமல் விட்டாலே போதும், பத்து நிமிடம் குறைவாகப் பேசினாலே போதும். தடயமே இருக்காது. எழுத்தில் காரணம் சொல்லி, மேலதிகாரி கையெழுத்தும் வாங்கி, இறந்தவரின் மனைவி கையிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டு லஞ்சத்துக்கு விட்டுக்கொடுப்பது அவ்வளவு எளிதல்ல.

அரசு வக்கீலின் எழுத்துக் குறிப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் எல்லோருக்கும் நினைவிருக்கிற உதாரணம் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அந்த மேல்முறையீடு முழுவதும் தமிழ்நாடு அரசு நியமித்த பவானி சிங் அரசுத் தரப்பில் நின்றார். 2015 ஏப்ரல் 27 அன்று அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நியமிக்கும் அதிகாரம் கர்நாடகத்துக்கு மட்டுமே. அப்போது வாதமெல்லாம் முடிந்து தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். மறுபடி வாதம் கிடையாது, எழுத்துபூர்வமாகக் கொடுங்கள் என்று மறுநாள் வரை நேரம் கிடைத்தது. மூத்த வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா கொடுத்தார். மே 11-ல் வந்த விடுதலைத் தீர்ப்பில் கடன் தொகைகளைக் கூட்டியதிலேயே பிழை. கூட்டினால் 10.67 கோடி வருவது 24.17 கோடி என்று இருந்தது. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. அரசுத் தரப்பில் சரியான ஆள் கணக்கை வரி வரியாக எழுதிக் கொடுக்க முன்பே வாய்ப்பிருந்திருந்தால் அந்தக் கூட்டல் அப்படி வந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. ஒப்புக்கொள்வதற்கு மட்டும் குறிப்பு கேட்கவில்லை. தண்டனையைத் தாங்குவதற்கும் அதுதான் வலு.

தாங்குவதென்றால் எப்படி என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கு. சேலம் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015-ல் சாதிக்காகக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முதல் எதிரி யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு, பிறழ் சாட்சியாகிவிட்ட முக்கியச் சாட்சியை மறுபடி வரவழைத்து விசாரித்தது. திருச்செங்கோடு கோயிலுக்கும் உடல் கிடந்த ரயில் பாதைக்கும் நேரில் போய்ப் பார்த்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது. மேல்முறையீட்டிலும் கூடுதல் சாட்சியம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையே மறந்திருந்த எங்களுக்கு அது பாடம். ஆனால் அந்த அக்கறை, நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில் கிடைத்தது. கண்மாய்த் தகராறுகளுக்கு யார் நேரில் போவார்கள்? அங்கே சம்பவ இட வரைபடத்தில் தெருவிளக்குக் கம்பம் இருக்கிறதா இல்லையா என்று அரசு வக்கீல்தான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எப்போது படிப்பது? இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. பட்டியல் முந்தின நாள் சாயங்காலம் வரும். யாருக்கு எந்தக் கேஸ் என்று பிரிப்பது அதற்குப் பிறகு. கேஸ் டைரியோடு வர வேண்டிய காவலர் காலையில் பஸ்ஸில் வந்து சேருவார். சில நாள் அவர் வருவதற்குள் வழக்கு எடுக்கப்பட்டுவிடும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவுக்கு எங்கள் பெயரில் போகும் பதில் மனுவை எடுத்துப் பாருங்கள். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டிக்கத்தக்க குற்றங்களில் அரசு வக்கீலின் ஆட்சேபத்தை எழுத்தில் கேட்டே ஜாமீன் விட வேண்டும் என்று சட்டம் எங்களுக்குக் கொடுத்த மரியாதை அது. ஸ்டேஷனிலிருந்து வரும் வாசகமோ, "வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைத்துவிடுவார்" என்று இருக்கும். விசாரணை முடிந்து, சாட்சிகள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போய், தண்டனையும் கொடுத்தாகிவிட்டது. இனி யாரைக் கலைப்பது? கைதானபோது போட்ட பதில் மனுவையே தேதி மாற்றி அனுப்பியிருப்பார்கள்.

ஒருவன் ஐந்தாறு வருடம் உள்ளே இருந்த பிறகு, அவன் குற்றவாளியே அல்ல என்று மேல்முறையீட்டில் தெரியவந்தால் அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது என்று 1977-லேயே காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது. அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லக்கூடியவர் அரசு வக்கீல். கட்டில் ஓட்டை இருப்பது ஜாமீன் மனுவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், படித்திருந்தால்.

இன்னொரு சங்கடம், ஆட்சி மாறினால் நாங்களும் மாறுவோம். அரசு வழக்கறிஞர் நியமனம் தகுதி பார்த்து நடக்க வேண்டும் என்று 2016-ல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலும் 2017-ல் விதிகள் வந்தன. ஆனாலும் தேர்தல் முடிவு வந்த வாரத்தில் ராஜினாமா கடிதம் கொடுப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். கட்டுகளின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்ததெல்லாம் எனக்குப் பின் வந்தவருக்குப் புரிந்ததோ இல்லையோ. எழுத்துக் குறிப்பு கோப்பில் இருந்தால் ஆள் போனாலும் அரசின் நினைவு போகாது.

அரசின் நினைவு என்று சொல்லும்போது மேலவளவு நினைவுக்கு வருகிறது. 1997 ஜூன் 30-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த சிலரையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அந்த ஆயுள் தண்டனைகளைக் காப்பாற்ற அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை நின்றது. 2019 நவம்பரில் அதே அரசு 13 பேரை முன்கூட்டியே விடுதலை செய்தது. இது வேறு அதிகாரம், வேறு சட்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் தண்டனையைக் காப்பாற்றிய வக்கீலின் குறிப்பு ஒன்று அந்தக் கோப்பில் இருந்து, விடுதலைக்குக் கையெழுத்திட்டவர் அதைப் படிக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

போலீஸ் பக்கமும் இதன் பலன் போய்ச் சேர வேண்டும். 2014 ஜனவரியில் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேலை கொடுத்தது. விடுதலையாகும் ஒவ்வொரு வழக்கையும் உள்துறை பரிசீலித்து, எங்கே சறுக்கியது என்று எழுதி, புலனாய்வு அதிகாரிகளின் பயிற்சியில் சேர்க்க வேண்டும். கவனக்குறைவுக்குப் பொறுப்பும் நிர்ணயிக்க வேண்டும். நான் பார்த்தவரை தீர்ப்பு வந்ததும் கோப்பு மூடப்படும், அந்த இன்ஸ்பெக்டர் அதற்குள் டி.எஸ்.பி. ஆகியிருப்பார். எக்ஸ்பிரஸ் தபால் ஏன் பதினாறு மணி நேரம் ஊர்ந்தது என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேல்முறையீட்டுக் குறிப்பின் ஒரு நகல் மாவட்டக் கண்காணிப்பாளர் மேசைக்கும் போனால், கேட்கவாவது செய்வார்கள்.

நண்பர்கள் சொல்லும் ஆட்சேபங்களும் உண்டு. நீதிபதிகள் குறிப்பைப் படித்துவிட்டுக் கட்டைப் படிக்காமல் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். எதிரிக்கு வக்கீலே வராவிட்டாலும் பதிவேட்டைப் பார்த்துத் தகுதியின் பேரில்தான் மேல்முறையீட்டை முடிக்க வேண்டும் என்று 1996-ல் பானி சிங் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. அரசு வக்கீல் ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றத்தை அது கட்டாது. எதிரித் தரப்புக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய் என்கிறார்கள். இப்போது நான் அந்தப் பக்க மேசையில்தான் நிற்கிறேன், ஆகவே எனக்கு இதில் லாபம் உண்டு என்று தாராளமாகச் சொல்லட்டும். அரசு வழக்கறிஞர் எப்பாடு பட்டாவது தண்டனை வாங்கித் தர நியமிக்கப்பட்டவர் அல்ல என்று 1999-ல் சிவ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நான் எந்த மேசையிலும் இல்லை.

ஆள் போதாது என்கிற ஆட்சேபம்தான் நியாயமானது. இருக்கிற ஆட்களுக்கு மேல்முறையீடு, ஜாமீன், எஃப்ஐஆர் ரத்து மனு என்று எல்லாவற்றையும் கலந்து கொடுக்காமல், ஆயுள் தண்டனை மேல்முறையீட்டுக்கென்று சிலரைத் தனியாக ஒதுக்கலாம். மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்ட நாளிலேயே கட்டை ஒருவர் பெயருக்கு எழுதிவிட வேண்டும். பட்டியலில் வரும் நாளில் அல்ல. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, அரசாணைகூட வேண்டாம். தலைமைக் குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் நீதிமன்றம் திறக்கும்போது தொடங்கலாம். ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களின் மேல்முறையீடுகள் முதலில். வெளியே இருப்பவர்களுடையது அடுத்த ஆண்டு.